பைக் இன்சூரன்ஸ் கம்பெனி மாற்றும்போது எடுத்து வைக்க வேண்டிய ஆவணங்கள்: முழுமையான வழிகாட்டி

பைக் இன்சூரன்ஸை வேறு கம்பெனிக்கு மாற்றுவது இப்போது மிகச் சுலபம். வண்டி நம்பரை அடித்ததும் மாடல், பதிவான தேதி, பழைய பாலிசி முடியும் நாள் எல்லாம் திரையில் வந்து நிற்கும். நாலைந்து கேள்வி, ஒரு ஓ.டி.பி., யு.பி.ஐ.யில் பணம். பாலிசி மெயிலுக்கு வந்துவிடும். பெரும்பாலும் யாரும் ஒரு காகிதம்கூடக் கேட்பதில்லை.

கேட்கும் நாள் வேறு. வண்டி அடிபட்டு ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போதோ, வாசலில் நிறுத்தியது காணாமல் போனபோதோதான் நீங்கள் அன்று திரையில் தட்டிய ஒவ்வொரு பதிலையும் எடுத்து வைத்துச் சரிபார்ப்பார்கள். அப்போது தேடினால் பழைய ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார், பழைய மெயிலின் பாஸ்வேர்டு நினைவிருக்காது. அதனால், கம்பெனி கேட்டாலும் கேட்காவிட்டாலும் மாற்றும் வாரத்திலேயே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. தமிழ்நாட்டில் பதிவான, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வாகனத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். விதிகள் பெரும்பாலும் நாடு முழுக்க ஒன்றுதான்.

படி 1: பழைய பாலிசியின் அட்டவணைப் பக்கம்

பாலிசி பி.டி.எஃப். பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் முதல் இரண்டு பக்கம்: வண்டி விவரம், காலம், பிரீமியம் கணக்கு, நோ கிளைம் போனஸ் (கிளைம் எடுக்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) எல்லாம் அச்சான அட்டவணை. அதில் முதலில் பார்க்க வேண்டியது, உங்களுடையது எந்த வகைப் பாலிசி என்பது.

வெறும் தர்ட் பார்ட்டி (உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு) என்றால் வேலை குறைவு. அதில் நோ கிளைம் போனஸ் கிடையாது, வண்டியின் மதிப்பு கிடையாது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் பிரீமியமும் ஒன்றேதான், அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அறிவிப்பின்படி, ஒரு வருடத்துக்கு 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை 714 ரூபாய், 350 சிசி வரை 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஆகவே "எங்களிடம் தர்ட் பார்ட்டி மலிவு" என்று யாராவது சொன்னால் அந்த ரசீதைக் கவனமாகப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறுவது ஓன் டேமேஜ் (உங்கள் வண்டிக்கு வரும் சேதம், திருட்டுக்கான காப்பீடு) பகுதியிலும் கூடுதல் கவர்களிலும்தான்.

தர்ட் பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேர்ந்த முழு பாலிசி என்றால் மொத்தத்தையும் புதுக் கம்பெனிக்குக் கொண்டுபோகலாம்.

மூன்றாவது வகையில்தான் குழப்பம் அதிகம். உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, 2018 செப்டம்பர் 1 முதல் விற்கும் புது பைக்குக்கு 5 வருட தர்ட் பார்ட்டி கட்டாயமானது. இப்போது ஷோரூமில் தருவது பெரும்பாலும் 5 வருட தர்ட் பார்ட்டியும் 1 வருட ஓன் டேமேஜும் சேர்ந்த பாலிசி. அட்டவணையில் இரண்டு காலமும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். முதல் வருடம் முடிந்ததும் நீங்கள் மாற்றுவது ஓன் டேமேஜை மட்டுமே. தர்ட் பார்ட்டி பழைய கம்பெனியிலேயே ஓடும். இப்படித் தனி ஓன் டேமேஜ் எடுக்கும் வசதி 2019 செப்டம்பரில் வந்தது. அதை எடுக்கும்போது தர்ட் பார்ட்டி எந்தக் கம்பெனியில் இருக்கிறது, பாலிசி எண் என்ன, என்றைக்கு முடிகிறது என்ற மூன்றையும் கேட்பார்கள். தேதியை மனக்கணக்கில் போடாதீர்கள், அட்டவணையைப் பார்த்து எழுதுங்கள்.

அப்படியென்றால் ஷோரூம் கொடுத்த அந்த முதல் பாலிசியை 5 வருடமும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். "புதுசு வந்துடுச்சே" என்று பழையதைக் கழித்துவிடுகிறவர்கள் நிறைய. போலீஸ் சோதனையில் தனி ஓன் டேமேஜ் பாலிசியை மட்டும் நீட்டினால் போதாது. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தர்ட் பார்ட்டியைத்தான். அது இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 196ஆம் பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு.

படி 2: நாள் குறிப்பது

மாற்றுவதற்குச் சரியான நேரம், பழைய பாலிசி முடிவதற்குச் சில வாரம் முன்பு. புதுப் பாலிசி, பழையது முடிந்த மறு நிமிடம் தொடங்கும்படி தேதி போட்டுக் கொள்ளலாம். மருத்துவக் காப்பீட்டை மாற்றுவதற்கு இருப்பதுபோல இத்தனை நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கெடு இதில் இல்லை. பழைய கம்பெனியிடம் அனுமதி வாங்கவும் தேவையில்லை.

நடு வருடத்தில் மாற்றுவதும் முடியும், ஆனால் வம்பு அதிகம். 2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கைப்படி தனிநபர் தன் பாலிசியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ஒரு வருடப் பாலிசியில் கிளைம் எடுக்கவில்லை என்றால் மீதிக் காலத்துக்கான பிரீமியம் திரும்பக் கிடைக்கும். ஆனால் வண்டி இன்சூரன்ஸ் இல்லாமல் நிற்கக் கூடாது என்பதால், வேறு இடத்தில் பாலிசி எடுத்ததற்கான ஆதாரத்தைக் கேட்பார்கள். சரி, புதிதாக ஒன்று எடுத்துவிட்டுப் பழையதை ரத்து செய்யலாம் என்று போனால், ஒரே வண்டிக்கு ஒரே வகையில் இரண்டு பாலிசி இருக்கும்போது பின்னால் தொடங்கியதை ரத்து செய்வதுதான் மோட்டார் டாரிஃப் (வண்டிக் காப்பீட்டுக்கான பொது விதித் தொகுப்பு) வழக்கம் என்பார்கள். பழைய கம்பெனியோடு பெரிய சண்டை ஏதும் இல்லையென்றால் புதுப்பிக்கும் தேதிவரை பொறுத்திருப்பதே நல்லது.

தேதி தாண்டிவிட்டால் இரண்டு நஷ்டம். ஒன்று, இடைப்பட்ட நாட்களில் வண்டிக்குப் பாதுகாப்பே இல்லை. மற்றது, பாலிசி முடிந்து 90 நாள் கடந்தால் நோ கிளைம் போனஸ் முழுதும் போய்விடும். காலாவதியான வண்டிக்குச் சில கம்பெனிகள் நாலு பக்கமும் போட்டோவோ வீடியோவோ கேட்கும். சில, ஓன் டேமேஜை மட்டும் சில நாள் கழித்துத் தொடங்கும். அப்படி எடுக்கும் படங்களில் நம்பர் பிளேட், ஓடோமீட்டர், சேஸிஸ் நம்பர் மூன்றும் தெளிவாகத் தெரியட்டும். உங்கள் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும். கீறல் முன்னமே இருந்ததா என்ற கேள்வி வந்தால் அதுதான் பேசும்.

படி 3: கையில் இருக்க வேண்டியவை

ஆர்.சி., பழைய பாலிசி, அடையாளச் சான்று, முந்தைய வருடத்துக் கிளைம் விவரம். சாதாரணமாக இவ்வளவுதான். வங்கிக் கடன் இருந்தாலோ, வண்டி கைமாறியிருந்தாலோ இன்னும் சில சேரும். அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

ஆர்.சி.யை டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இறக்கிக் கொள்ளலாம். கையில் இருக்கும் கார்டையும் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர், முகவரி, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஆகிய மூன்றில்தான் வித்தியாசம் வரும்.

அடையாளச் சான்று 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் புதுப் பாலிசிக்கும் கட்டாயம். பான், ஆதார் போன்றவற்றை ஏற்பார்கள். நம் ஊரில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: இனிஷியல். ஆர்.சி.யில் "எஸ். குமார்" என்றிருக்கும், ஆதாரில் "குமார் சண்முகம்", பானில் "சண்முகம் குமார்". அடையாளம் சரிபார்க்கும் கே.ஒய்.சி. பக்கத்தில் அரசு ஆவணத்தில் உள்ள பெயர் தானாக வந்து நிரம்பும், நாமும் அப்படியே விட்டுவிடுவோம். பிறகு பாலிசியில் ஒரு பெயர், ஆர்.சி.யில் வேறு பெயர். பாலிசியில் ஆர்.சி.யில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். தானாக மாறி வந்துவிட்டால், ஆர்.சி. நகலை வைத்து அன்றே மெயில் அனுப்பித் திருத்தம் கேளுங்கள். அந்தத் திருத்தக் கடிதத்துக்கு எண்டார்ஸ்மென்ட் என்று பெயர். அதுவும் பாலிசியின் ஒரு பகுதி.

ஓட்டுநர் உரிமம் பாலிசி எடுக்கத் தேவையில்லை. ஆனால் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கு உங்கள் பெயரில் நடப்பிலுள்ள உரிமம் இருக்க வேண்டும். உங்களுடைய வேறொரு வண்டியின் பாலிசியில் அது ஏற்கெனவே இருந்தாலோ, தனியாக 15 லட்சத்துக்குக் குறையாத விபத்துக் காப்பீடு இருந்தாலோ இதை விட்டுவிடலாம். அதற்கு உறுதிமொழி தருவீர்கள். கொடுத்தால் அந்த மற்றப் பாலிசியின் நகலையும் இந்த ஃபைலிலேயே போட்டு வையுங்கள், அதன் காலாவதி தேதியைக் குறித்து வையுங்கள். இரண்டும் ஒரே நாளில் முடிவது அபூர்வம்.

புகைச் சான்றிதழைச் சில கம்பெனிகள் கேட்கும், சில கேட்காது. சாலையில் ஓட்ட எப்படியும் அது வேண்டும் என்பதால் நடப்பில் வைத்திருப்பதே நல்லது.

படி 4: நோ கிளைம் போனஸ் — இங்கே நிதானம் வேண்டும்

கம்பெனி மாற்றும்போது பெரிய தப்பு நடப்பது இந்த இடத்தில்தான். ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி இது: ஒரு வருடம் கிளைம் இல்லையென்றால் 20 சதவீதம், இரண்டு வருடத்துக்கு 25, மூன்றுக்கு 35, நாலுக்கு 45, ஐந்துக்கு 50. ஒரு கிளைம் எடுத்தால் அடுத்த வருடம் பூஜ்யம். தர்ட் பார்ட்டி பகுதிக்கு இது பொருந்தாது. இந்த போனஸ் வண்டிக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். அதனால்தான் கம்பெனி மாறினாலும் உங்களோடு வருகிறது.

பழைய பாலிசியில் "25%" என்று அச்சாகியிருந்தால் அது அந்த வருடம் உங்களுக்குக் கொடுத்த தள்ளுபடி. அந்த வருடமும் கிளைம் எடுக்காமல் ஓட்டியிருந்தால் இப்போது உங்களுக்கு உரியது 35. எடுத்திருந்தால் எதுவும் இல்லை. படிவத்தில் கேட்பது எது என்று பாருங்கள்: "முந்தைய பாலிசியில் இருந்த போனஸ்" என்றால் 25, "இப்போது உரிய போனஸ்" என்றால் 35. பல இணையதளங்கள் முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதைத் தாமே கணக்கிடும். அங்கே நீங்களே 35 என்று கொடுத்தால் அது 45 ஆகிவிடும். உங்களுக்குத் தெரியாமலே பொய்த் தகவல் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள்.

தெரிந்தே கொடுப்பதும் நடக்கிறது. "அண்ணே, போன வருஷம் சின்ன கிளைம்தானே, இல்லைன்னே போட்டுடலாம், முந்நூறு நானூறு குறையும்" என்று ஏஜென்ட் சொல்வார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டாரிஃப் விதி தெளிவாக இருக்கிறது: போனஸ் பற்றிய உங்கள் உறுதிமொழி தவறு என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பகுதியின் பலன்கள் அனைத்தையும் இழக்க நேரிடும். ஆதாரம் இல்லாமல் உறுதிமொழியின் பேரில் போனஸ் கொடுத்த புதுக் கம்பெனி, 21 நாளுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதி உறுதி செய்ய வேண்டும், பழைய கம்பெனி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ஏஜென்ட் மிச்சம் பிடித்துத் தந்த நானூறு ரூபாய்க்காகத் திருடு போன வண்டியின் முழு மதிப்பையும் பணயம் வைக்காதீர்கள். அப்படிச் சொல்லும் ஏஜென்டிடம் பாலிசியே எடுக்க வேண்டாம்.

இதற்கு மூன்று ஆதாரங்கள் போதும். பழைய பாலிசி, பழைய கம்பெனி அனுப்பிய புதுப்பித்தல் நோட்டீஸ் (வரும் வருடத்துக்கு உரிய போனஸ் அதிலேயே அச்சாகியிருக்கும், அதனால் அந்த மெயிலை அழிக்காதீர்கள்), சந்தேகம் இருந்தால் போனஸை உறுதி செய்து பழைய கம்பெனி தரும் கடிதம். பாலிசி எண்ணும் வண்டி எண்ணும் போட்டு அவர்களின் வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு வரி மெயில் அனுப்பிக் கேட்கலாம்.

2024 சுற்றறிக்கையில் இன்னொரு நல்ல விஷயம் உண்டு: ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் கிளைமை நிராகரிக்கக் கூடாது, தேவையான ஆவணங்களைப் பாலிசி கொடுக்கும்போதே கேட்க வேண்டும். அது காகிதம் குறைந்தவரைக் காப்பாற்றும். தவறான தகவல் கொடுத்தவரைக் காப்பாற்றாது.

படி 5: எண்களை ஒப்பிடுவது

வண்டி நம்பரை அடித்ததும் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் தானாக வரலாம். பாதி நட்சத்திரக் குறியாக வந்தால் நீங்கள் நிரப்ப வேண்டியிருக்கும். சேஸிஸ் நம்பர் 17 இலக்கம். அதில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஆகவே வட்டமாக எது தெரிந்தாலும் அது பூஜ்யம்தான், நேர்க்கோடு என்றால் ஒன்றுதான். முதல் மூன்று எழுத்து தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும்: எம்டி6 என்றால் டிவிஎஸ், எம்பிஎல் என்றால் ஹீரோ, எம்டி2 என்றால் பஜாஜ். இன்ஜின் நம்பருக்கு இந்த விதி இல்லை, அதை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரி பாருங்கள்.

சிசி, தயாரித்த வருடம், மாடலின் வகை ஆகிய மூன்றையும் பாருங்கள். டிஸ்க் பிரேக் வகைக்குப் பதில் டிரம் வகை தேர்வாகியிருந்தால் வண்டியின் மதிப்பு குறைந்துவிடும். ஐ.டி.வி. எனும் அந்த மதிப்புதான் வண்டி திருடு போனால் கிடைக்கும் தொகைக்கு அடிப்படை. இரண்டு வருடம் தாண்டிய வண்டிக்கு 30 சதவீதம், மூன்று தாண்டினால் 40, நாலு தாண்டினால் 50 என்று விலையில் கழிப்பார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் பேசி முடிவு செய்வது. பிரீமியம் சட்டென்று குறைவாகத் தெரிந்தால் முதலில் இந்த மதிப்பைப் பாருங்கள், பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும்.

கடன், கைமாற்றம், மரணம்

கடனில் வாங்கிய வண்டியென்றால் கடன் கொடுத்தவரின் பெயர் புதுப் பாலிசியிலும் இருக்க வேண்டும். கடன் முடிந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) படிவம் 35ம் வாங்கி, ஆர்.டி.ஓ. மூலம் வங்கியின் பெயரை ஆர்.சி.யிலிருந்து நீக்கிவிட்டு, அந்த ஆர்.சி.யைக் காட்டிப் பாலிசியிலும் நீக்குங்கள். கடைசித் தவணை கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று விட்டால், முழு நஷ்டக் கிளைம் வரும்போது அந்தப் பழைய வங்கிக் கிளைக்கு அலைய நேரிடும்.

பழைய வண்டியை விற்றுப் புதுசு வாங்குகிறீர்கள் என்றால் போனஸை விட்டுவிடாதீர்கள். விற்றதற்கான படிவம் 29 நகல், விற்பனைக் கடிதம், பழைய பாலிசி இவற்றோடு பழைய கம்பெனியிடம் எழுதிக் கேட்டால் போனஸ் சான்றிதழ் தருவார்கள். அது 3 வருடம் செல்லும், இருசக்கர வண்டியிலிருந்து இருசக்கர வண்டிக்கு. புது வண்டி பில் போடும் அன்றே சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். ஷோரூமில் அவர்கள் காட்டும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியிருந்தால், முதலில் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாற வேண்டும். தர்ட் பார்ட்டி பாதுகாப்பு சட்டப்படி உங்களுக்கு மாறிவிட்டதாகவே கொள்ளப்படும். ஆனால் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியில் பெயரை மாற்றக் கேட்க வேண்டும். விற்றவரின் போனஸ் உங்களுக்கு வராது. அவர் அனுபவித்த தள்ளுபடித் தொகையை மீதிக் காலத்துக்குக் கணக்கிட்டு நீங்கள் கம்பெனிக்குக் கட்ட வேண்டியிருக்கும்.

அப்பா பெயரில் இருக்கும் வண்டியை, அவர் காலமான பிறகும் அதே பெயரில் வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு மகன் ஓட்டுவது நம் ஊரில் சாதாரணம். பெயரை எடுக்க மனம் வராது என்பதும் ஒரு காரணம். ஆனால் இறந்தவர் பெயரில் எடுத்த பாலிசி கிளைம் நாளில் நிற்காது. இறந்த தேதியிலிருந்து 3 மாதமோ பாலிசி முடியும் நாளோ, எது முந்துகிறதோ அதுவரைதான் பழைய பாலிசி செல்லும். 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல், 3 மாதத்துக்குள் படிவம் 31ல் பெயர் மாற்றம். பாலிசிக்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மாறிய ஆர்.சி., பழைய பாலிசி வேண்டும். ஒரு ஆறுதல்: மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு வண்டி போகும்போது அவர் சேர்த்த நோ கிளைம் போனஸையும் அவர்களுக்குக் கொடுக்க விதி இடம் தருகிறது. கேட்டால்தான் தெரியும், கேளுங்கள்.

படி 6: பாலிசி வந்த பிறகு

வந்த அன்றே அட்டவணையைத் திறந்து பெயர், எண்கள், தொடங்கும் தேதி, ஐ.டி.வி., போனஸ், கடன் கொடுத்தவர், நாமினி எல்லாவற்றையும் பாருங்கள். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பாருங்கள். சில நாள் கழித்து எம்பரிவாகனில் புதுப் பாலிசி எண் தெரிகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் கம்பெனிக்குப் போன் போடுங்கள். பணத்தை ஏஜென்டின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். பிரீமியம் கம்பெனிக்குச் சேர்ந்தால்தான் அதன் பொறுப்பு தொடங்கும் என்பது 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு.

பழைய பாலிசி, புதியது, பணம் கட்டிய ரசீது, நீங்கள் கொடுத்த பதில்கள் அடங்கிய முன்மொழிவுப் படிவத்தின் நகல், கம்பெனியோடு நடந்த மெயில்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். வண்டியின் இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். திருட்டுக் கிளைமில் இரண்டு சாவியையும் கேட்பார்கள்.

பழைய கம்பெனி போனஸ் கடிதம் தர இழுத்தடித்தாலோ புதுக் கம்பெனி திருத்தம் செய்ய மறுத்தாலோ, முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற இலவச எண்ணிலோ பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மறுப்புக் கடிதத்தின் தேதியை அந்த ஃபோல்டரின் மேலேயே எழுதி வையுங்கள்.